தாமிரத்தைச் சுற்றியிருந்த நீர் எங்கே போகிறது?

கேள்வி: மயில்துத்தக் (தாமிர சல்பேட்) கரைசலில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் முதலில் வெளிர்நீல வீழ்படிவு வருகிறது. மேலும் விட்டால் அது கரைந்து கருநீலமாகிறது. நான்கு அம்மோனியா மூலக்கூறுகள் தாமிர அயனியோடு சேர்ந்து அணைவு அயனி உருவாவதாகப் புத்தகத்தில் இருக்கிறது. நான்கும் ஒரே சமயத்தில் சேர்கின்றனவா? ஏன் நான்கோடு நின்றுவிடுகிறது? கண்ணுக்குத் தெரியாத இந்த எண்ணிக்கையை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? (இளநிலை வேதியியல் மாணவர் ஒருவர் கேட்டது.)

பதில்: உங்கள் கேள்வியிலும் நீங்கள் படித்த பாடத்திலும் ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது: நீர். தாமிர அயனி, கூட்டல் குறி, நான்கு அம்மோனியா, ஓர் அம்புக்குறி என்று சமன்பாட்டை எழுதிப் பழகிவிட்டோம். அதைப் பார்க்கிறவருக்குத் தாமிர அயனி கரைசலில் வெறுமனே மிதந்துகொண்டிருந்தது போலவும், அம்மோனியா வந்து ஒட்டிக்கொண்டது போலவும் தோன்றும். நீர்க்கரைசலில் வெற்று உலோக அயனி என்று ஒன்று கிடையாது. அம்மோனியாவுக்கு முன்பே அங்கே ஓர் அணைவு, அதாவது நடுவில் உலோக அயனியும் சுற்றிலும் அதைப் பற்றிய மூலக்கூறுகளும் கொண்ட அமைப்பு, இருக்கிறது. அப்படிப் பற்றி நிற்பதை ஈனி என்கிறோம்; இங்கே ஈனி நீர். அந்த நீரை வெளியேற்றித்தான் அம்மோனியா உள்ளே வரவேண்டும். ஆகவே நீர்க்கரைசலில் நடக்கும் அணைவு வினைகளை எல்லாம் இடமாற்ற வினைகளாகவே பார்க்க வேண்டும். உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை இங்கிருந்துதான் கிளைக்கிறது.

நீரணைவைக் கண்ணால் பார்க்கலாம். மயில்துத்தப் படிகத்தைச் சோதனைக் குழாயில் இட்டுச் சூடாக்கினால் நீலம் போய் வெளிறிய தூள் மிஞ்சும். குழாயின் வாய்ப்பக்கம் நீர்த்துளிகள் படியும். ஆறிய தூளில் ஒரு சொட்டு நீர் விட்டால் குழாய் சூடாகும், நீலம் திரும்பும். அந்த நீலம் நீரோடு சேர்ந்த தாமிரத்துக்கு உரியது. அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்றால், உலோக அயனிக்கும் நீருக்கும் இடையிலான ஈர்ப்பிலிருந்து. வாயு நிலையிலுள்ள ஒரு மோல் தாமிர அயனியை நீருக்குள் கொண்டுவந்தால் சுமார் 2100 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படும். ஒற்றை நேர்மின் சுமை கொண்ட சோடியத்துக்கு இது 400-ஐ ஒட்டியது. மூன்று சுமை கொண்ட சிறிய அலுமினிய அயனிக்கு 4600-க்கும் மேல். சுமை கூடவும் உருவம் குறுகவும் பிடி இறுகுகிறது.

கரைசலில் தாமிரத்தைச் சுற்றி எத்தனை நீர்? வழக்கமான விடை ஆறு. ஆனால் ஆறும் சமமானவை அல்ல. நான்கு நீர் மூலக்கூறுகள் ஒரு சதுரத்தின் மூலைகளில், ஏறத்தாழ 2 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் நெருங்கி நிற்கின்றன. மேலும் கீழும் உள்ள இரண்டும் அதைவிடத் தள்ளி, தளர்வாக இருக்கின்றன. தாமிர அயனியின் ஒன்பது டி-எலக்ட்ரான்களும் ஆர்பிட்டால்களில் சமச்சீராக நிரம்ப முடியாததால் வரும் கோணல் இது. ஜான்–டெல்லர் விளைவு என்று படித்திருப்பீர்கள். படிகத்திலும் இதே கதைதான். 1934-இல் பீவர்ஸும் லிப்சனும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு மயில்துத்தத்தின் அமைப்பைக் கண்டபோது, ஐந்து நீரில் நான்கு மட்டுமே தாமிரத்தைத் தொட்டிருந்தன. மேலும் கீழும் சல்பேட்டின் ஆக்சிஜன்கள் இருந்தன. ஐந்தாவது நீர் ஹைட்ரஜன் பிணைப்புகளில் தொங்கிக்கொண்டிருந்தது. கரைசலில் ஆறா, ஐந்தா என்பதில் இன்றும் வாதம் உண்டு. 2001-இல் வந்த ஓர் ஆய்வு ஐந்துதான் என்றது. தேர்வில் ஆறு என்று எழுதுங்கள். ஆனால் நெருக்கமானவை நான்கு என்பதை மறக்காதீர்கள், உங்கள் இரண்டாவது கேள்விக்கு அது வேண்டும்.

இப்போது முதல் சொட்டு. அம்மோனியாக் கரைசல் ஒரு வலுக்குறைந்த காரம். அதில் அம்மோனியாவோடு கொஞ்சம் ஹைட்ராக்சைடு அயனியும் இருக்கிறது. தொடக்கத்தில் தாமிரம் மிகுதி, அம்மோனியா சொற்பம். அந்தச் சொற்பத்தில் ஒரு பங்கு நீரிலிருந்து புரோட்டானைப் பறித்து அம்மோனியமாகிவிடுகிறது; வெளிப்படும் ஹைட்ராக்சைடு தாமிரத்தோடு சேர்ந்து வீழ்கிறது. சல்பேட் கரைசலில் அப்படி வீழ்வது பெரும்பாலும் காரத் தாமிர சல்பேட். சுத்தமான ஹைட்ராக்சைடு என்று எழுதுவது ஒரு சுருக்கம். அம்மோனியா கூடக்கூடத் தனி அம்மோனியாவின் (எதனோடும் சேராமல் இருப்பதன்) செறிவு உயர்கிறது. கரைசலில் மிஞ்சியிருக்கும் தாமிரத்தை அது அணைவாக்குகிறது. நீரணைவு குறையக் குறைய வீழ்படிவு கரைந்து அந்தக் குறையை நிரப்புகிறது. இறுதியில் வீழ்படிவே மிஞ்சுவதில்லை.

நான்கும் ஒரே சமயத்தில் சேர்வதில்லை. ஒவ்வொரு படிக்கும் தனிச் சமநிலை, தனி மாறிலி; மாறிலி பெரிதானால் அந்தப் படியில் அம்மோனியா உறுதியாக ஏறுகிறது என்று பொருள். முதல் அம்மோனியாவுக்கு மாறிலியின் மடக்கை சுமார் 4.1, இரண்டாவதற்கு 3.5, மூன்றாவதற்கு 2.9, நான்காவதற்கு 2.1. கரைசலில் உள்ள மற்ற உப்புகளையும் வெப்பநிலையையும் பொறுத்து இவை சற்று நகரும். நான்கையும் கூட்டினால் 12.6. அதாவது மொத்த நிலைப்பு மாறிலி 10¹²-ஐத் தாண்டுகிறது. பாடப்புத்தகம் இந்தக் கடைசி எண்ணை மட்டும் தருவதால்தான் நான்கும் கும்பலாக வந்து சேர்கின்றன என்ற எண்ணம் பிறக்கிறது.

அந்த நான்கு எண்களை வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்தப் படத்தையும்விட அது தெளிவாகச் சொல்லும். தனி அம்மோனியாவின் செறிவு லிட்டருக்கு 0.0001 மோல் என்றால், தாமிரத்தில் 35 விழுக்காடு இன்னும் முழு நீரணைவாகவே இருக்கும்; ஓர் அம்மோனியா ஏறியது 49, இரண்டு ஏறியது 15. பத்து மடங்கு கூட்டி 0.001 ஆக்கினால் இரண்டு ஏறியது 45, மூன்று ஏறியது 35, நான்கு ஏறியது வெறும் 5. 0.01-இல் மூன்றுக்கு 40, நான்குக்கு 54. 0.1-க்கு வந்த பிறகுதான் நான்கு அம்மோனியா கொண்ட அணைவு 90 விழுக்காட்டை எட்டுகிறது. புத்தகத்தில் உள்ள அயனி பொய்யில்லை. ஆனால் அது தாராளமாக அம்மோனியா ஊற்றிய கரைசலுக்கு உரியது. நடுவழியில் கரைசல் எப்போதும் ஒரு கலவை.

மாறிலிகள் ஏன் படிப்படியாகக் குறைகின்றன? பாதிக்கு மேற்பட்ட காரணம் வெறும் எண்ணிக்கைதான். நான்கு இருக்கை காலியான பஸ்ஸில் முதலில் ஏறுபவருக்கு நான்கு வாய்ப்பு. கடைசியாக ஏறுபவருக்கு ஒன்றே ஒன்று. இறங்குவதிலோ நிலைமை தலைகீழ்: ஒருவர் மட்டும் இருந்தால் இறங்கக்கூடியவர் ஒருவர், நால்வர் இருந்தால் நால்வரில் யாரும் இறங்கலாம். இந்தக் கணக்கின்படி அடுத்தடுத்த மாறிலிகள் ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைய வேண்டும். உண்மையில் நான்கு முதல் ஆறு மடங்கு வரை குறைகின்றன. எஞ்சிய வேறுபாட்டுக்குத்தான் வேதியியல் காரணம் தேட வேண்டும்: ஏற்கெனவே ஏறிய அம்மோனியா தன் எலக்ட்ரான் இணையைக் கொடுத்துத் தாமிரத்தின் பசியைக் கொஞ்சம் தணித்துவிடுகிறது.

ஐந்தாவது படிக்கு வரும்போது மாறிலியின் மடக்கை சுமார் −0.5. நான்காவது படியிலிருந்து ஒரேயடியாக நானூறு மடங்கு சரிவு! அதுவரை சீராக இறங்கிய படிக்கட்டு இங்கே கிணறாகிவிடுகிறது. தளர்வாக நின்ற அந்த மேல்கீழ் இடங்கள்தான் காரணம். அங்கே வரும் அம்மோனியாவுக்கும் அதே தளர்ந்த பிடிதான் கிடைக்கும். லிட்டருக்கு 55 மோல் அளவில் சூழ்ந்து நிற்கும் நீரை எதிர்த்து அந்த இடத்தைப் பிடிக்க அதனால் இயலவில்லை. அடர் அம்மோனியாவில் ஐந்தாவது ஓரளவு ஏறும். ஆறாவதை நீர்க்கரைசலில் எதிர்பார்க்கக்கூடாது. நிக்கலுக்கு இந்தக் கோணல் இல்லை. அது ஆறு அம்மோனியாவையும் ஏற்றுக்கொள்கிறது.

நிறத்தைப் பற்றி ஒரு வரி: நீரணைவு 800 நானோமீட்டரை ஒட்டி, அகச்சிவப்பின் ஓரத்தில் உறிஞ்சுகிறது, சிவப்பில் கொஞ்சமே குறைவதால் வெளிர்நீலம். அம்மோனியா டி-ஆர்பிட்டால்களை அதிகம் பிரிப்பதால் உறிஞ்சல் 600-ஐ ஒட்டி நகர்கிறது, பல மடங்கு வலுவும் பெறுகிறது. ஆரஞ்சு நிறப் பகுதி அழிந்து கருநீலம் மிஞ்சுகிறது.

இனி அளந்த கதை. இந்த வேலையைத் தாமிரத்துக்கும் வேறு பல உலோகங்களுக்கும் முறையாகச் செய்தவர் கோபன்ஹேகனைச் சேர்ந்த யானிக் பியெரும். நீர்க்கரைசலில் உலோக அம்மீன்கள் (அம்மோனியா அணைவுகள்) உருவாவது பற்றிய அவருடைய ஆய்வேடு 1941-இல் வெளிவந்தது. முறையின் அழகு, அவர் தாமிரத்தை அளக்கவே இல்லை என்பதில் இருக்கிறது. அளந்தது கண்ணாடி மின்முனையால் பிஎச் மட்டும்.

எப்படி என்று பார்ப்போம். தாமிர உப்புக் கரைசலில் லிட்டருக்கு 2 மோல் என்ற தாராள அளவில் அம்மோனியம் நைட்ரேட் கரைந்திருக்கிறது. அதில் தெரிந்த அளவு அம்மோனியா சேர்க்கப்படுகிறது. அம்மோனியம், அம்மோனியா, ஹைட்ரஜன் அயனி மூன்றும் ஒரு சமநிலையில் கட்டுண்டவை. அம்மோனியத்தின் அளவு தெரியும், ஹைட்ரஜன் அயனியை மின்முனை சொல்லிவிடும். அப்படியானால் தனி அம்மோனியா எவ்வளவு என்று கணக்கே சொல்லும். சேர்த்த மொத்தத்திலிருந்து தனியாக இருப்பதைக் கழித்தால், தாமிரத்தில் ஏறியிருப்பது வந்துவிடும். அதைத் தாமிரத்தின் அளவால் வகுத்தால், ஒரு தாமிர அயனிக்குச் சராசரியாக எத்தனை அம்மோனியா என்ற எண் கிடைக்கிறது. அம்மோனியாவைக் கூட்டிக்கொண்டே போய், இந்தச் சராசரியைத் தனி அம்மோனியாவின் செறிவுக்கு எதிராக வரைந்தால் ஒரு வளைகோடு. சராசரி அரையாக இருக்கும் இடம் முதல் மாறிலிக்கும், ஒன்றரையாக இருக்கும் இடம் இரண்டாவதற்கும் முதல் தோராயத்தைத் தருகிறது. பிறகு கணக்கால் திருத்திக்கொண்டே போக வேண்டியதுதான்.

அந்த அம்மோனியம் நைட்ரேட் அங்கே சும்மா இல்லை. பிஎச்-ஐ அது கீழே அழுத்திவைக்கிறது. தனி அம்மோனியா லிட்டருக்கு 0.001 மோல் இருக்கும்போது அந்தக் கரைசலின் பிஎச் 6-ஐ ஒட்டியே நிற்கும். அதற்குள் ஒவ்வொரு தாமிரத்திலும் சராசரியாக இரண்டுக்கு மேற்பட்ட அம்மோனியா ஏறிவிட்டிருக்கும். ஹைட்ராக்சைடு வீழ்படிவுக்கு வழியே இல்லை. உங்கள் சோதனைக் குழாயில் வந்த வெளிர்நீல வீழ்படிவு அவருடைய குடுவையில் வராததற்கு இதுதான் காரணம். நீங்களும் முதலில் அம்மோனியம் நைட்ரேட்டைத் தாராளமாகக் கரைத்துவிட்டு அம்மோனியாவை விட்டுப் பாருங்கள்; வெளிர்நீலத்திலிருந்து கருநீலத்துக்கு நேராகவே போய்விடலாம்.

இதே குடும்பத்தில் ஒரு தலைமுறை முன்பே இன்னொரு வழி கண்டிருந்தார்கள். யானிக்கின் தந்தை நீல்ஸ் பியெரும் 1915-இல் குரோமியம்–தயோசயனேட் அணைவுகளை ஆராய்ந்தார். குரோமியத்தில் ஈனிகள் மிக மெதுவாக மாறுவதால் ஒவ்வொரு படியின் அணைவையும் தனித்தனியாகப் பிரித்து எடை பார்க்க முடிந்தது. தாமிரத்தில் அது நடக்காத காரியம். பிரிப்பதற்குள் எல்லாம் மாறிவிடும்.

எவ்வளவு சீக்கிரம் மாறும்? தாமிரத்தைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறு சராசரியாக ஒரு நானோ விநாடிகூட அங்கே தங்குவதில்லை. நிக்கலில் சுமார் 30 மைக்ரோ விநாடி. மூன்று சுமை கொண்ட குரோமியத்தில் ஏறத்தாழ ஐந்து நாள். இரிடியத்தில் கிட்டத்தட்ட 290 ஆண்டு! தட்டச்சுப் பிழை இல்லை. நொடியின் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே நடப்பதை அளக்க வழி கண்டதற்காக மான்ஃபிரெட் ஐகன் 1967 நோபல் பரிசில் பங்கு பெற்றார். மந்தமான பக்கத்தை ஹென்றி டாபே ஆராய்ந்தார். ஆக்சிஜன்-18 சேர்ந்த நீரைக் கொண்டு குரோமியத்தைச் சுற்றியுள்ள ஆறு நீர் மூலக்கூறுகள் மெதுவாக மாறுவதை எண்ணிக் காட்டியது அவருடைய குழு. அவருக்கு 1983-இல் நோபல்.

நிக்கலில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளே வருவது அம்மோனியாவாக இருந்தாலும் வேறு ஈனியாக இருந்தாலும் வேகம் பெரிதாக மாறுவதில்லை. வருகிற ஈனி முதலில் நீர்க்கூட்டுக்கு வெளியே வந்து ஒட்டி நிற்கிறது. உள்ளிருக்கும் நீர் ஒன்று தானாகக் கழன்றால்தான் அதற்கு இடம். ஆக வேகத்தைத் தீர்மானிப்பது வருபவர் இல்லை, வெளியேறும் நீர்தான். இடமாற்றம் என்ற பார்வைக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

வேகத்தையும் நிலைப்பையும் குழப்பிக்கொள்ளும் மாணவர்களை நிறையவே பார்க்கிறேன். இரண்டும் வெவ்வேறு. நான்கு சயனைடு கொண்ட நிக்கல் அணைவு மிக மிக நிலைப்பானது; அதன் சயனைடுகளோ கண்மூடித் திறப்பதற்குள் வெளியிலுள்ள சயனைடுகளோடு இடம் மாறிக்கொள்கின்றன. ஆறு அம்மோனியா கொண்ட கோபால்ட்டிக் அணைவு அமிலத்தில் சிதைந்தே ஆகவேண்டியது. ஆனால் நாள் கணக்கில் அசையாமல் நிற்கிறது. 1893-இல் சூரிச்சில் ஆல்ஃபிரெட் வெர்னர் அணைவுக் கோட்பாட்டை முன்வைத்தபோது அவருக்குக் கைகொடுத்தது இந்த மந்தம்தான். கோபால்ட், குரோமியம், பிளாட்டினம் ஆகியவற்றின் அணைவுகளில் உள்ளே இருக்கும் குளோரைடு உள்ளேயே இருந்தது. வெளியே இருந்தது மட்டும் சில்வர் நைட்ரேட்டில் வீழ்ந்தது. எண்ணிப் பார்க்க முடிந்தது. தாமிரத்தை மட்டும் நம்பியிருந்தால் அவரால் எதையும் எண்ணியிருக்க முடியாது.

எல்லா உலோகங்களும் அம்மோனியாவுக்கு நீரை விட்டுக்கொடுப்பதில்லை. ஃபெர்ரிக் (இரும்பு) அயனியில் அம்மோனியா விட்டால் எவ்வளவு மிகுதியானாலும் செம்பழுப்பு ஹைட்ராக்சைடுதான், கரையாது. மூன்று சுமை கொண்ட அந்தச் சிறிய அயனி, தன்னோடு ஒட்டிய நீரின் எலக்ட்ரான்களை வலுவாக இழுத்து, அதன் புரோட்டானைக் கழற்றிவிடுகிறது. ஃபெர்ரிக் நீரணைவே ஓர் அமிலம், பிகேஏ (அமில வலிமையின் அளவு; குறையக் குறைய அமிலம் வலியது) சுமார் 2.2, பாஸ்பாரிக் அமிலத்தின் முதல் படிக்கு இணை. அலுமினியத்துக்கு 5-ஐ ஒட்டியது. அசெட்டிக் அமிலத்துக்கு அருகில். படிகாரக் கரைசல் லிட்மஸைச் சிவப்பாக்குவது இதனால்தான். உப்புப் பகுப்பாய்வில் மூன்றாம் தொகுதிக்கு அம்மோனியம் குளோரைடும் அம்மோனியாவும் சேர்க்கிறீர்களே, அங்கே நடப்பது இந்தத் தரம்பிரிப்புதான்: இரும்பும் அலுமினியமும் ஹைட்ராக்சைடாக வீழ்ந்துவிட, நிக்கலும் துத்தநாகமும் அம்மீன்களாகக் கரைசலிலேயே தங்கி நான்காம் தொகுதிக்குப் போகின்றன.

ஆக்சிஜனை விரும்பும் உலோகம், நைட்ரஜனை விரும்பும் உலோகம், கந்தகத்தை விரும்பும் உலோகம் என்று வகைப்படுத்தி, வன்மை, மென்மை என்ற பெயர்களில் பியர்சன் 1963-இல் ஒழுங்குபடுத்தினார். வெள்ளி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சில்வர் குளோரைடு அம்மோனியாவில் கரைகிறது. அதைவிடக் கரையாத சில்வர் புரோமைடுக்கு நீர்த்த அம்மோனியா போதாது, கந்தகம் கொண்ட தயோசல்பேட் வேண்டும். பழைய புகைப்படக் கூடங்களில் ஹைப்போ (அந்தத் தயோசல்பேட்தான்) இருந்தது இதற்காகத்தான்.

கடைசியாக ஒன்று. நீரை வெளியேற்றுவதில் தனி அம்மோனியாவைவிடப் பல மடங்கு திறமையானவை பல முனைகளால் பிடிக்கும் ஈனிகள். நிக்கலில் ஆறு அம்மோனியா ஏறும்போது மொத்த மாறிலியின் மடக்கை சுமார் 8.6. அதே ஆறு நைட்ரஜன்களை இரு முனை கொண்ட மூன்று எத்திலீன்டைஅமீன் மூலக்கூறுகள் கொடுத்தால் 18.3. பிணைப்புகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. மாறிலி மட்டும் சுமார் ஐந்நூறு கோடி மடங்கு கூடுகிறது. கணக்கை நீரின் பக்கத்திலிருந்து பாருங்கள். முதல் வினையில் ஆறு மூலக்கூறுகள் உள்ளே, ஆறு நீர் வெளியே. இரண்டாவதில் மூன்று உள்ளே, ஆறு வெளியே. கட்டற்றுத் திரியும் மூலக்கூறுகள் கூடுவதால் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) கூடுகிறது; மாறிலியை உயர்த்துவது அதுதான். ஆறு முனை கொண்ட ஈடிடிஏ இதே வழியில் இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஒரே மூலக்கூறு உள்ளே சென்று உலோகத்தின் நீரில் பெரும்பாலானதை வெளியேற்றிவிடும். அம்மோனியாவை ஏறெடுத்தும் பார்க்காத கால்சியம்கூட அதனிடம் 10.7 என்ற மடக்கையோடு சிக்கிக்கொள்கிறது. ஆழ்குழாய்க் கிணற்று நீரின் கடினத்தன்மையைப் பார்க்கும் தரம்பார்த்தலில், பிஎச் 10-இல் ஒயின் சிவப்பு நீலமாக மாறுவது ஈடிடிஏ கடைசி மக்னீசியத்தையும் நிறங்காட்டியிடமிருந்து பறித்துவிட்ட கணத்தில்.

உங்கள் குறிப்பேட்டுக்கு வருவோம். நான்கு அம்மோனியாவோடு அணைவை எழுதுவதில் தவறில்லை. மேலும் கீழும் இரண்டு நீரைச் சேர்த்து எழுதினால் இன்னும் சரி. வலப்பக்கத்தில் வெளியேறிய நான்கு நீரையும் எழுதிவிடுங்கள். சோதனையை முடித்த பின் கருநீலக் கரைசலில் நீர்த்த சல்பூரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள். அமிலம் அம்மோனியாவை அம்மோனியமாக்கிப் பிடித்துக்கொள்ளும். தாமிரம் ஒவ்வொரு படியாக நீருக்குத் திரும்பும். வழியில் அந்த வெளிர்நீல வீழ்படிவு ஒருமுறை தலைகாட்டலாம். குரோம் படிகாரக் கரைசல் கிடைத்தால் அதிலும் ஒன்று செய்யலாம்: அறை வெப்பநிலையில் ஈடிடிஏ சேர்த்தால் மாற்றம் கண்ணில் படாது, கொதிக்கவைத்தால் நிறம் மாறும். நிலைப்பு மாறிலியை மட்டும் பார்த்தால் அது குளிரிலேயே நடந்திருக்க வேண்டிய வினை.